ஆளுக்கு ஒன்று: பழவேற்காட்டுக் கரையில் எண்ணும் பண்பும்

மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு என்ன கற்றுத் தர வேண்டும் என்று கேட்டால், பெற்றோரும் ஆசிரியர்களும் தயங்காமல் இரண்டைச் சொல்வார்கள். நல்ல பழக்கவழக்கம் வர வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று சொல்ல வர வேண்டும். அங்கன்வாடியிலும் நர்சரிப் பள்ளியிலும் இவற்றுக்குத் தனித்தனி நேரம் உண்டு. காலையில் வணக்கம் சொல்லுதல், கை கழுவுதல், சண்டை போடக் கூடாது என்ற பாட்டு. பிறகு சுவரில் எழுதியிருக்கும் எண்களைக் குச்சியால் தொட்டு ஒரே குரலில் ஒப்பித்தல். இரண்டும் வெவ்வேறு பாடங்கள் என்ற நினைப்பு நமக்கு நன்றாகப் பழகிவிட்டது. கடந்த அரை நூற்றாண்டில் குழந்தை உளவியலில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் அந்த நினைப்பு நிற்காது. ஆளுக்கு ஒன்று கொடுப்பது, தன் முறை வரும்வரை பொறுப்பது, எடுத்ததை எண்ணித் திருப்பி வைப்பது ஆகிய செயல்களில்தான் இந்த வயதில் பண்பும் எண்ணும் சேர்ந்தே முளைக்கின்றன. பிரித்துக் கற்பித்தால் இரண்டுமே வெறும் ஒப்பிப்பாகிவிடுகின்றன. இதுவே இக்கட்டுரையின் வாதம். எளாவூரை ஒட்டிய ஏரிக்கரைக் கிராமங்களை வைத்து அதைச் சோதித்துப் பார்க்கலாம்.

சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் எளாவூர். அடுத்து ஆரம்பாக்கம், அதற்கப்பால் ஆந்திரம். கிழக்கே பழவேற்காடு ஏரி. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருந்தாலும் தெற்கு முகத்துவாரம் தமிழ்நாட்டில் உள்ளது. ஏரி முழுவதும் ஒரே மாதிரி விளைவதில்லை. முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்களில் இறால் நிறைய விழும், மற்ற இடங்களில் அவ்வளவு விழாது. யாராவது ஒருவர் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் பட்டினி. இந்தச் சிக்கலுக்கு ஏரி மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் தீர்வு பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற ஊர்கள் வலை கட்டும் இடங்களைத் தங்களுக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை வேறு இடம். பொதுச்சொத்தைப் பற்றி எழுதும் ஆய்வாளர்கள் உலகெங்கும் எடுத்துக்காட்டும் ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று. கரைக்கு வந்த பிறகும் பகிர்வு முடிவதில்லை: படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு பிரியும், மீன் கூறு கட்டி விற்கப்படும். ஒரு கூறு மற்றொரு கூறுக்குக் குறைந்ததாகத் தெரிந்தால் வாங்க வந்தவர் உடனே கேட்பார். ஏரியோர ஊர்களில் இஸ்லாமியப் பெண்கள் பனையோலையில் கூடை முடைகிறார்கள். ஓலைக்கீற்றின் எண்ணிக்கை தவறினால் வடிவம் கோணிப்போகும். இவை நடக்கும் இடத்தில்தான் நான்கு வயதுப் பிள்ளை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது.

அந்தப் பிள்ளையின் தலைக்குள் எண் எப்படி உருவாகிறது? ரோஷல் கெல்மனும் ராண்டி காலிஸ்டெலும் 1978இல் வெளியிட்ட நூலில் எண்ணுதலுக்கு ஐந்து விதிகளை வரையறுத்தார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல் மட்டுமே. சொற்களின் வரிசை மாறக் கூடாது. கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத்தின் அளவு. எதை வேண்டுமானாலும் எண்ணலாம். எங்கிருந்து தொடங்கினாலும் விடை ஒன்றே. இவற்றில் முதல் விதியையும் மூன்றாம் விதியையும் கவனிக்க வேண்டும். முதலாவது, கையில் உள்ளதை ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பதன் மறு உருவம்தான். மூன்றாவது எளிதில் வருவதில்லை. பத்துவரை மளமளவென்று சொல்லும் மூன்று வயதுப் பிள்ளையிடம் நான்கு கூழாங்கல் கொடு என்று கேட்டால் ஒரு பிடி அள்ளிக் கொடுக்கும். 1990இல் கேரன் வின் இப்படிக் கேட்டுப் பார்த்த சோதனைகளின் வழியாக இது உறுதிப்பட்டது. ஒன்றின் பொருள் புரிந்து பல மாதம் கழித்துத்தான் இரண்டு புரிகிறது, பிறகு மூன்று. நூறுவரை ஒப்பிக்கும் பிள்ளையைப் பார்த்துப் பெருமைப்படும் பெற்றோர், அந்த நூறில் பிள்ளைக்கு உண்மையில் எத்தனை தெரியும் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். ஃப்ரிட்மனும் பீட்டர் பிரையன்ட்டும் 1988இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுணுக்கமானது. நான்கு வயதுப் பிள்ளைகள் இரண்டு பொம்மைகளுக்குத் தின்பண்டத்தை இதற்கு ஒன்று, அதற்கு ஒன்று என்று சரியாகவே பங்கிட்டார்கள். பிறகு முதல் பொம்மையின் பங்கை எண்ணிக் காட்டி, மற்றதிடம் எத்தனை இருக்கும் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. கைக்குத் தெரிந்த சமத்துவம் எண்ணாக மாறவில்லை. ஒரு பொம்மைக்கு இரட்டைத் துண்டுகளாகவும் மற்றதற்கு ஒற்றைத் துண்டுகளாகவும் கொடுக்கச் சொன்னபோது, பலர் இரண்டுக்கும் ஒரே தடவைக் கணக்கில் கொடுத்தார்கள். ஒரு பொம்மைக்கு இரண்டு மடங்கு போய்ச் சேர்ந்தது. துண்டுகளுக்கு நிறம் மாற்றிக் காட்டியதும் அதே நான்கு வயதுப் பிள்ளைகள் திருத்திக்கொண்டார்கள். பங்கிடுவதிலிருந்து எண்ணுக்குப் போகும் வழி இருக்கிறது. ஆனால் யாராவது கைபிடித்து அழைத்துப் போக வேண்டும்.

பண்பின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறோம். கிரெய்க் ஸ்மித், பீட்டர் பிளேக், பால் ஹாரிஸ் ஆகியோர் 2013இல் காட்டியபடி, மூன்று வயதுப் பிள்ளைக்கே சமமாகப் பகிர வேண்டும் என்ற விதி தெரியும். கேட்டால் சரியாகச் சொல்லும். ஆனால் தன் கையில் ஒட்டுப்படங்கள் இருக்கும்போது தனக்கே அதிகம் வைத்துக்கொள்ளும். ஏழெட்டு வயதில்தான் சொல்லும் செயலும் ஒன்று சேர்கின்றன. இந்த இடைவெளியைப் பார்க்கும் பெரியவர்கள் பிள்ளை சுயநலமாக இருக்கிறது என்று முடிவுகட்டி அறிவுரையைக் கூட்டுகிறார்கள். 2019இல் நாடியா செர்னியாக், பால் ஹாரிஸ், சாரா கோர்டஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வு அந்த முடிவை அசைத்துவிட்டது. பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய பிள்ளைகள் வயது கூடக் கூடச் சமமாகப் பங்கிடுவது, அவர்களுடைய எண்ணும் திறன் வளர்ந்ததன் விளைவு என்று அது கண்டது. சமமாகப் பங்கிடாத பிள்ளைகளைக் கேட்டபோது, நாங்கள் சரியாகத்தான் பகிர்ந்தோம் என்றார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அளவு தெரியவில்லை. நம் பால்வாடிகளில் பேராசைக்காரன் என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் வெறுமனே எண்ணத் தெரியாதவர்கள் என்பதை இதை வைத்து யோசிக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது நீதிக்கதை இல்லை. தட்டில் இருப்பதை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ண யாராவது கூட உட்கார வேண்டும்.

பொறுமையும் அப்படியே. காத்திருக்கும் பிள்ளை நல்ல பிள்ளை, காத்திருக்காதது அடங்காப்பிடாரி என்று குணமாகவே அதைப் பார்க்கிறோம். அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் 28 பிள்ளைகளை வைத்துச் செய்து 2013இல் வெளியிட்ட சோதனையில், முதலில் ஒரு பெரியவர் நல்ல வண்ணப்பொருள் கொண்டு வருவதாகச் சொல்லிப் போனார். சிலருக்குக் கொண்டு வந்தார், சிலரிடம் இல்லை என்று கைவிரித்தார். பிறகு இனிப்பை வைத்துக் காத்திருக்கச் சொன்னபோது, சொன்னதைச் செய்த பெரியவரைக் கண்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம்தான். தன் முறை நிச்சயம் வரும் என்ற நம்பிக்கை இருந்தால் பொறுமையும் இருக்கும். பாடு இத்தனை காலம் நிலைத்ததற்கும் அதுவே காரணம்: இன்று விட்டுக்கொடுப்பவருக்கு அடுத்த முறை உறுதி. வரிசையின் கடைசியில் நிற்கும் பிள்ளைக்கு முட்டை தீர்ந்துபோகும் மையத்தில் வரிசையில் நிற்கும் பழக்கத்தை எந்தப் பாட்டாலும் கற்பிக்க முடியாது. 1939இல் அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி இதை வகுப்பறை அமைப்பாகவே மாற்றியிருந்தார். அவருடைய முறையில் ஒவ்வொரு கருவியும் வகுப்புக்கு ஒன்றுதான் இருக்கும். எண் கோல்களை எடுக்க விரும்பும் பிள்ளை, மற்றப் பிள்ளை முடித்து வைக்கும்வரை பொறுக்க வேண்டும். முடித்தவர் எடுத்த இடத்தில் வரிசை குலையாமல் வைக்க வேண்டும். நம் மாண்டிசோரிப் பள்ளிகளில் பலவும் பெயரை மட்டும் வைத்துக்கொண்டன என்பது வேறு கதை.

இதற்கு எதிராக வலுவான சான்று ஒன்று உண்டு. கிரெக் டங்கன் தலைமையில் 2007இல் வெளியான ஆய்வு, அமெரிக்கா, பிரிட்டன், கனடா நாடுகளில் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆறு பெரிய தரவுத்தொகுப்புகளைச் சேர்த்து அலசியது. பள்ளி தொடங்கும்போது இருந்த எண்ணறிவே பிற்காலத் தேர்ச்சியை எல்லாவற்றையும்விட நன்றாக முன்னறிவித்தது. நன்னடத்தை, பிறரோடு பழகும் திறன் ஆகியவற்றுக்கு அந்தத் தேர்ச்சியோடு சொல்லும்படியான தொடர்பு இல்லை. அப்படியானால் மரியாதை சொல்லித் தருவதை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் கற்பிக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். அந்த ஆய்வை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் அது அளந்தது எதை என்று பார்க்க வேண்டும். ஆசிரியரோ பெற்றோரோ பிள்ளையின் நடத்தைக்குக் கொடுத்த மதிப்பீடுதான் அங்கே நன்னடத்தை. அமைதியாக இருக்கும் பிள்ளை அதில் உயர்ந்த மதிப்பெண் பெறும். அமைதி கணக்கைக் கற்பிக்காது என்பதில் வியப்பு இல்லை. கவனத்தைக் குவிக்கும் திறனுக்கு அதே ஆய்வு மிதமான பலனைக் கண்டது. எண்ணிப் பங்கிடுவதும், முறைக்காகக் காத்திருந்து கவனிப்பதும் அந்த மதிப்பீடுகளில் தனியாக அளக்கப்படவில்லை. ஆக, அடக்கத்தைப் பண்பு என்று அழைத்தால் டங்கன் சொல்வது சரி. அந்த அடக்கத்துக்குக் கணக்கு வகுப்பில் வேலையே இல்லை.

இங்கே நம் ஊர்ப் பண்பைப் பற்றிக் கசப்பான ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். கை கட்டி வாய் பொத்தி நிற்பதைத்தான் நெடுங்காலம் நல்ல பிள்ளைக்கு இலக்கணமாக வைத்திருந்தோம். அந்த மரியாதை ஒரு பக்கமாகவே ஓடியது. மேல்சாதிப் பிள்ளை கூலிக்கு வந்த முதியவரை வா, போ என்று அழைக்கலாம். அதைப் பண்பில்லாத செயலாக யாரும் எண்ணியதில்லை. பாடும் இந்தக் குறைக்கு விலக்கில்லை. முறை வைத்துப் பகிரும் அந்த நேர்த்தி, உரிமை பெற்ற மீனவக் குடும்பங்களின் ஆண்களுக்குள் மட்டுமே செல்லும். பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் கையாலேயே இறால் தேடும் இருளர் பெண்களுக்கு அதில் முறை கிடையாது. கரையில் மீன் விற்று வீட்டை நடத்தும் மீனவப் பெண்களும் பாடு ஏற்பாட்டில் இல்லை. முகத்துவாரம் தூர்ந்து, மீன் குறைந்து, நெருக்கடி கூடிய ஆண்டுகளில் உள்ளே இருப்பவர் யார், வெளியே நிற்பவர் யார் என்ற சண்டையும் கூடியிருக்கிறது. ஆகையால் ஊர் வழக்கத்தை அப்படியே வகுப்பறைக்குக் கொண்டு போங்கள் என்று சொல்வது பிழை. எண்ணின் துணை இங்கேதான் தேவைப்படுகிறது. எண்ணும்போது பட்டினவ மீனவர் வீட்டுப் பிள்ளையும் இருளர் வீட்டுப் பிள்ளையும் செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வந்தவரின் பிள்ளையும் ஆளுக்கு ஒன்று என்றே கணக்காவார்கள். யாரையும் இரண்டாக எண்ண முடியாது, யாரையும் விட்டுவிட்டு எண்ணினால் மொத்தம் தப்பாகிவிடும். பாடு ஏற்பாட்டிலிருந்து முறையை எடுத்துக்கொண்டு அதன் வேலியை விட்டுவிட அங்கன்வாடியால் முடியும். பெரியவர்களை வாங்க, போங்க என்று அழைக்கச் சொல்லித் தருபவர், சமையல் உதவியாளரான ஆயாவையும் அப்படியே அழைக்கச் சொல்லித் தர வேண்டும்.

இன்னொரு மறுப்பு இதைவிட நுட்பமானது. வீட்டிலும் கரையிலும் பிள்ளை கற்கும் கணக்கு பள்ளிக் கணக்காக மாறும் என்பதற்கு என்ன உறுதி? எந்த உறுதியும் இல்லை என்பதே நேர்மையான பதில். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்கும் சிறுவர்களை டெரெசின்யா நூனெஸ் கராஹெர் குழுவினர் 1985இல் சோதித்தபோது, வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரியாக வந்தது. அதே வகைக் கணக்கைத் தாளில் எண்களாகக் கொடுத்தபோது 37 விழுக்காடுதான். கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களை வைத்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்டோர் 2025இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வும் இதையே கண்டது. கூடவே அதன் மறுதலையையும் கண்டது. பள்ளிக் கணக்கில் தேர்ந்த பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். நம் விவாதத்துக்கு மிக நெருக்கமானது 2017இல் சயின்ஸ் இதழில் வந்த டெல்லி ஆய்வு. 214 பாலர் வகுப்புகளில் சிலவற்றில் அளவையும் வடிவத்தையும் ஒப்பிடும் விளையாட்டுகள், சிலவற்றில் முகபாவத்தையும் பார்வையையும் கவனிக்கும் சமூக விளையாட்டுகள், மீதியில் வழக்கமான பாடம். எண் விளையாட்டு ஆடிய பிள்ளைகளின் உள்ளுணர்வு சார்ந்த எண்திறன் ஓராண்டுக்குப் பிறகும் கூடுதலாகவே நின்றது. ஆனால் பள்ளிக்குப் போனபின் எண்குறி கொண்ட கணக்கில் அவர்களுக்கு முன்னிலை கிடைக்கவில்லை. விளையாட்டு போதும், எல்லாம் தானாக வந்துவிடும் என்று நம்புவோர் இதை இருமுறை படிக்க வேண்டும். சமூகப் பயிற்சி ஒரு பக்கம், எண் பயிற்சி மறுபக்கம் என்று பிரித்த சோதனை அது என்பதையும் மறக்கக் கூடாது. மதிய உணவுக்கு முன் தட்டுகளை ஆளுக்கு ஒன்றாக வைக்கும் பிள்ளை, வைத்த பிறகு எத்தனை என்று வாயால் சொல்லி, அந்த எண்ணின் அட்டையை எடுத்து, கரும்பலகையில் அத்தனை கோடு போட்டால் கையும் சொல்லும் குறியும் ஒரே நிமிடத்தில் சந்திக்கின்றன. கரையில் கூறு கட்டுவதில் இல்லாத ஒன்று இந்தக் குறிதான். அதைச் சேர்ப்பதே பள்ளியின் வேலை.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடம் இந்த வேலையைச் செய்ததா என்றால், ஒரு பாதியைச் செய்தது. ஆத்திசூடியும் எண்சுவடியும் அங்கே அருகருகே இருந்தன. அங்கே நினைவில் ஏற்றியது வெறும் கிளிப்பிள்ளைப் பாடம் இல்லை, நெல்லளவையோடும் நிலஅளவையோடும் கணக்கு பின்னியிருந்தது என்று செந்தில்பாபு தம் ஆய்வில் விளக்கியிருக்கிறார். ஆனால் அது எல்லாருக்கும் திறந்த திண்ணை இல்லை, பிரம்பும் ஓய்ந்ததில்லை. இன்றைய நர்சரிகள் அந்த அளவைகளை இழந்து, ஒப்பிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு, அதை ஆங்கிலத்தில் செய்கின்றன. எளாவூர்ப் பக்கம் பல வீடுகளில் தெலுங்கு பேச்சுமொழி. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு இந்தி பேசும் குடும்பங்களும் சேர்ந்திருக்கின்றன. வீட்டில் மூடு, நாலுகு என்று எண்ணும் பிள்ளைக்கு மையத்தில் மூன்று, நான்கு. நர்சரிக்குப் போனால் த்ரீ, ஃபோர். சொற்கள் எந்த மொழியிலும் வரலாம், ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்ற விதி மாறாது. ஆனால் பொருள் புரிவதற்கு முன்பே மூன்று மொழி வரிசைகளைத் திணித்தால் பிள்ளை மூன்றையும் பாட்டாகவே வைத்துக்கொள்ளும். முதலில் வீட்டுச் சொல்லில் ஐந்துவரை உறுதிப்படட்டும்.

கடைசி மறுப்பு நடைமுறை சார்ந்தது. எனக்கு மிகக் கனமாகத் தெரிவதும் அதுதான். தமிழ்நாட்டில் 54,439 அங்கன்வாடி மையங்கள் உள்ளன. பெரும்பாலான மையங்களில் ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். எடை பார்த்தல், தடுப்பூசி, இணைஉணவு, பதிவேடுகள், இப்போது கைப்பேசிச் செயலியில் பதிவேற்றம் என்று எல்லாம் அந்தப் பணியாளர் தலையில். தட்டு வைக்கும் நேரத்தில் பிள்ளையோடு உட்கார்ந்து எண்ண அவருக்கு எங்கே நேரம்? மாநில அரசு 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டத்தை இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கியது. அது ஒன்றாம் வகுப்பில் தொடங்குகிறது. நாம் பேசுவது அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள். அங்கன்வாடிக்கென ஆடிப்பாடி விளையாடு பாப்பா என்ற பாடத்திட்டம் இருக்கிறது. குறை ஆளில்தான். இதற்கு விடையும் தமிழ்நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோர் மாநில அரசோடு சேர்ந்து 640 மையங்களில் நடத்திய சோதனையில், பாதியளவு மையங்களுக்குப் பாலர் கல்விக்கென ஒரு பகுதிநேரப் பணியாளர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. 18 மாதத்தில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகளின் மதிப்பெண் தெளிவாக உயர்ந்தது. பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலைக்கு நேரம் கிடைத்ததால் வளர்ச்சிக் குறைபாடும் குறைந்தது. கிடைக்கும் பலன் செலவைவிடப் பன்மடங்கு என்பது அவர்கள் கணிப்பு. அந்தக் கூடுதல் பணியாளர்களுக்குப் பெரிய பட்டம் எதுவும் தேவைப்படவில்லை. சுண்ணாம்புக்குளம், ஆரம்பாக்கம், பழவேற்காடு போன்ற ஊர்களில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வீட்டில் இருக்கும் பெண்கள் இந்த வேலைக்குப் போதும். அவர்களில் இருளர் பெண்களுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். சோதனை முடிந்து முடிவுகளும் அச்சாகிவிட்டன. ஏரிக்கரை மையங்களிலிருந்து தொடங்கி அந்த இரண்டாவது பணியிடத்தை நிரந்தரமாக்குமாறு சமூக நலத் துறையைக் கேட்பது இப்போது நம் வேலை.